வத்தல் மூட்டைக்குத் தும்மாத மனுசன்

ஓய்வு பெற்ற பிறகும் ஆபீஸ் பிள்ளைகள் என்னை விடுவதில்லை. "அவங்க எங்க விடாம இருக்காங்க, நீதான் போய்ப் போய் நிக்கிறே" என்பார் என் வீட்டுக்காரர். இருக்கட்டும். போன வாரமும் அப்படிப் போய் நின்றேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு பெண், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "மேடம், உதவித்தொகையை அவங்கவங்க பேங்க் கணக்குல போட்டா வேலை முடிஞ்சிருது. நீங்க எதுக்கு அந்தக் காலத்துல குழு சேத்து, வட்டமா உக்கார வச்சு, பாட்டெல்லாம் பாடிக் குடுத்தீங்க?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வாயைத் திறந்தால் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தப் பிள்ளை பயந்துபோய், "எழுதிக் குடுங்க மேடம், சுருக்கமா" என்றாள்.

சுருக்கமாக எழுத எனக்கு வராது. வந்திருந்தால் முப்பத்தைந்து வருசத்தில் இரண்டு பிரமோஷன் கூடவே வாங்கியிருப்பேன்.

எழுபத்து நாலில் கிராம சேவிகாவாகச் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. சோப்புக் காய்ச்சினோம். பப்பாளிக்காயில் ஜாம் கிண்டினோம். புகையில்லா அடுப்பு கட்டினோம். நான் கட்டிய புகையில்லா அடுப்பால் பயிற்சி நிலையத்தையே காலி பண்ணி எல்லாரும் வெளியில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. ஆனால் நான் பி.ஏ. படித்தவள், சமூகவியல் புத்தகம் நாலைந்து வாசித்தவள். ஊர் ஊராகப் போய் உலகத்தைத் திருப்பிப் போட்டுவிடலாம் என்று ஒரு வேகம். உலகம் கமுதி பஸ் ஸ்டாண்டில் எனக்காகக் காத்திருக்கிறது என்றே நினைத்தேன். அங்கே எனக்காகக் காத்திருந்தது மங்களேஸ்வரி அம்மா.

முக்கிய சேவிகா என்று ஒரு பதவி உண்டு. எங்களைப் போன்ற சேவிகாக்களை மேய்ப்பவர். மங்களேஸ்வரி அம்மாவுக்குச் சொந்த ஊர் உத்தரகோசமங்கை. ஒல்லி உடம்பு, கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, கையில் ஒரு குடை. அந்தக் குடை விரிந்து நான் பார்த்ததே இல்லை; அது நாய்களுக்கு. பேச்சில் சிக்கனம். யார் எவ்வளவு நீளமாகச் சொன்னாலும், "ம். அப்புறம்?" என்பார். சொன்னவர் இன்னும் கொஞ்சம் சொல்லுவார். திரும்பவும் "அப்புறம்?" கடைசியில் ஆள் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார், அதற்கு மேல் சொல்லப் பொய் கையிருப்பில் இருக்காது. ஒருதடவை பஸ் கண்டக்டர், "உக்கார எடமில்லம்மா" என்றார். "அப்புறம்?" என்றார் அம்மா. கண்டக்டர் தன் சீட்டை விட்டு எழுந்துவிட்டார்.

அம்மாவுக்கு ஒரு வேலைமுறை இருந்தது. ஊருக்குள் நுழைந்ததும் கூட்டம் கிடையாது, விசாரணை கிடையாது. வீடு வீடாகத் தண்ணீர் கேட்பார். வாசலில் நின்று, "தாயி, குடிக்கத் தண்ணி." அவ்வளவுதான். தண்ணீர் எடுக்க உள்ளே திரும்புகிற பெண்ணின் நடையைப் பார்ப்பார். மொள்ளும்போது குனிய முடிகிறதா, ஒரு பக்கமாகச் சாய்ந்து குனிகிறாளா என்று பார்ப்பார். எப்போதும் வலது கையில் வரும் சொம்பு அன்றைக்கு இடது கையில் வந்தால், அந்த வீட்டில் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பார். அடிபட்ட எந்தப் பெண்ணும் அடிபட்டேன் என்று வாயால் சொல்ல மாட்டாள். ஆனால் வாசலில் தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்றும் சொல்ல மாட்டாள்.

அருமையான முறை. ஆனால் கூடப் போகிற நானும் குடிக்க வேண்டும். எங்கள் ராமநாதபுரத்துத் தண்ணீரைப் பற்றி எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சொம்பு குடித்தால் இன்னொரு சொம்புக்குத் தாகம் எடுக்கும். தெருக் கடைசிக்கு வரும்போது என் வயிறு பானை மாதிரி தளும்பும்.

"அம்மா, நான் குடிக்கிற மாதிரி சும்மா நடிக்கட்டுமா?"

"நடிச்சா தெரியும்."

"யாருக்கும்மா தெரியும்?"

"குடி, குடிச்சிரு."

அந்தக் காலத்து ஊர்களில் கருவேலங்காடு தவிர ஒதுங்க இடம் கிடையாது. அந்தக் காடுகளில் எந்த மரத்துக்குப் பின்னால் முள் குறைவு என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன்.

எண்பதுகளில்தான் அந்தத் திட்டம் வந்தது. மழை பொய்த்த ஊர்களில் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, அந்தக் குழுவுக்குப் பணம் கொடுப்பது. வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம், சேர்ந்து தொழில் செய்ய மீதி. இரண்டு தவணை. குழுவில் குறைந்தது பதினைந்து பேர் இருக்க வேண்டும்; ஒரு தலை குறைந்தாலும் இரண்டாம் தவணை கிடையாது. பணத்தை வட்டமாக உட்கார்ந்து, எல்லார் கண் முன்னாலும், அந்தந்தப் பெண் கையில்தான் கொடுக்க வேண்டும். அப்போது எனக்கு வயசு முப்பதைத் தொடவில்லை. தொட்டிருந்தாலும் தொடவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓடினேன். கமுதிக்கும் சாயல்குடிக்கும் நடுவில் ஒரு ஊரில் பதினைந்து பேரைச் சேர்த்தேன். ஊர்ப் பேர் வேண்டாம், பேரன் பேத்திகள் வாசிப்பார்கள். பதினாறாவது ஆள் கிடைக்கவே இல்லை. "பொம்பளைக கையில காசு குடுத்தா வானம் பாத்த பூமி கெணறு பாத்த பூமியா மாறிருமாக்கும்?" என்று டீக்கடையில் கேலி பேசினார்கள்.

தொழில் என்ன? எங்கள் பக்கத்தில் வேறென்ன, வத்தல்தான். களத்திலிருந்து முண்டு மிளகாயைக் காய்ந்ததும் மொத்தமாக வாங்கி, காம்பு கிள்ளி, சோடை போன காயைப் பொறுக்கி, தரம் பிரித்து மண்டிக்குப் போடுவது. ஊராட்சி தன் பழைய விதைக் கிட்டங்கியைக் கொடுத்தது. மூட்டைகள் அங்கே அடுக்கப்பட்டன.

முதல் தவணை வந்துவிட்டால் பெண்கள் நிலைமை உயரும், வீட்டுச் சண்டை குறையும் என்று அறிக்கைக்கு வாக்கியமெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். முதல் தவணை வந்தது. சண்டை கூடியது! "காசை எடு" என்று கேட்க வீட்டில் இப்போது ஒரு காசு இருந்ததே. குழுவில் ராக்கு என்று ஒருத்தி. வாய்த் துடுக்குக்காரி. அவள் புருசன் முனியாண்டி கூலி வேலைக்காரன், சாயங்காலமானால் சாராயக் கடையே கதி. பணம் வந்து, சரக்கு வாங்கி, கிள்ள ஆரம்பித்த மறுநாளே ராக்கு வேலைக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால் ஒரு கண் மூடியே கிடக்கிறது. "ரோட்டுல எப்படி வருவேன் டீச்சரம்மா, மூஞ்சிய எங்க வைக்க?" என்றாள். சேவிகா என்று ஊரில் யார் வாயிலும் வராது, எல்லாருக்கும் நான் டீச்சரம்மாதான்.

நான் படித்த புத்தகம் ஒன்றில், பாதிக்கப்பட்டவளைத் தனிமையில் விடக்கூடாது என்று இருந்தது. விடுவேனா? "அவ வர முடியலைன்னா நாம போவோம்" என்று கிளப்பினேன். வேலையும் கெடக்கூடாதே. ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு போனோம்.

ராக்கு வீடு ஒற்றை அறை. கதவு ஒன்று, ஜன்னல் என்று சொன்னால் ஜன்னல் கோபித்துக்கொள்ளும் ஒரு ஓட்டை. உள்ளே முனியாண்டி முந்தின நாள் போதை தெளியாமல் குப்புறக் கிடந்தான். அவனைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தோம். அவனைச் சுற்றி உட்கார வேண்டும் என்று திட்டமில்லை, வேறு இடமில்லை. மூட்டையைப் பிரித்துக் கவிழ்த்தோம். செக்கச் செவேல் என்று தூசி எழும்பியது. பெண்கள் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு கிள்ள ஆரம்பித்தார்கள். பழக்கம் அவர்களுக்கு.

முனியாண்டி ஒரு தும்மல் போட்டான். அப்புறம் இன்னொன்று. எழுந்து உட்கார்ந்து, எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்டுகளைப் பார்த்து, செத்துப்போய் எமலோகத்துக்கு வந்துவிட்டோமோ என்பது மாதிரி முழித்தான்.

"யாத்தா... என்னத்தா பண்றீக இங்கன?"

"வேலை பாக்குறோம்ணே. நீங்க படுங்க."

"எப்படித்தா படுக்க... ஹச்..."

"உங்க வீடுதானண்ணே, தாராளமாத் தும்முங்க."

கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஒழுக ஓடினான். ஓடிய இடம் டீக்கடை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் விடுவார்களா? "ஏலே முனியாண்டி, என்னலே இப்படி அழுகுறே? ராக்கு அடிச்சுட்டாளா?"

அன்றைக்கு வேலை முடியவில்லை. மூட்டைகள் அங்கேயே இருந்தன. முனியாண்டி மந்தையில் படுத்தான். மறுநாளும் முடியவில்லை, முடிக்க யாருக்கும் அவசரமும் இல்லை. மூன்றாம் நாள் அவன் வாசலில் வந்து, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தாயிகளா, இனிமே அவ மேல கை வச்சா என்னைய ஏன்னு கேளுங்க. மூட்டைய மட்டும் தூக்கிருங்க" என்றான். ராக்கு ஒரு கண்ணால் அவனைப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு கூடையக் கிள்ளிட்டுத் தூக்குறோம், இருங்க" என்றாள்.

என் புத்தகத்தில் இது இல்லை. பெண்கள் அன்றைக்கே பிடித்துக்கொண்டார்கள். எந்த வீட்டில் அடி விழுகிறதோ, அந்த வீட்டில்தான் அடுத்த வேலை. யாரும் திட்டுவதில்லை, கேள்வி கேட்பதில்லை. மூட்டை வரும். அவ்வளவுதான். தெருவில் சிவப்பாக நாலு வத்தல் சிந்திக் கிடந்தால் போதும், எந்த வீட்டுக்குப் போயிருக்கிறது என்று ஊருக்கே தெரியும். "ஏலே, இன்னைக்கு உங்க வீட்டுலயா வத்தல்?" என்பது டீக்கடையில் பெரிய கேவலமாகிவிட்டது. ஒருத்தர் வந்து என்னிடம் நியாயம் பேசினார்: "டீச்சரம்மா, நான் கை வைக்கல. வெறும் வசவுதான் வஞ்சேன். அதுக்கு முழு மூட்டையா? அரை மூட்டை போடச் சொல்லுங்க." பெண்கள் கூடிப் பேசி, வசவுக்கு அரை மூட்டை என்று முடிவாயிற்று.

மங்களேஸ்வரி அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. கூப்பிட்டு அனுப்பினார். போனேன்.

"இது திட்டத்துல இருக்கா?"

"வேலை பாக்குற எடத்தைக் குழுவே தீர்மானிக்கலாம்னு இருக்கும்மா."

"ம். அப்புறம்?"

முனியாண்டி கதையைச் சொன்னேன். "அப்புறம்?" அரை மூட்டைக் கதையைச் சொன்னேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "தூக்கிட்டு அலையிறப்ப வத்தல் நமத்துப் போகாம பாத்துக்க" என்றார். போகிறபோது, "கிட்டங்கிக்கு ராத்திரிக் காவல் இல்ல. எத்தன தடவ சொல்றது? சரக்கு இருந்தா காவல் இருக்கணும். அடுத்த ஆய்வுக்குள்ள ஏற்பாடு பண்ணு" என்றார். அம்மா ஒரே மூச்சில் பேசி நான் கேட்ட நீளமான பேச்சு அதுதான். ஆனால் காவலுக்கு யார் வருவார்கள்? வீட்டை விட்டு வெளியில் படுக்க எந்தப் பெண்ணுக்கும் தோதில்லை. தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தோம்.

இங்கே ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். இந்த வெற்றி தலைக்கேறி, பின்னால் ராமேஸ்வரம் பக்கம் மாற்றலாகிப் போனபோது, அங்கே மீனவப் பெண்கள் குழுவிலும் இதையே செய்யச் சொன்னேன். வத்தலுக்குப் பதில் கருவாட்டுக் கூடை. அடித்த ஒருவர் வீட்டில் கூடை கூடையாக இறக்கினோம். அந்த மனுசன் அந்த வாசத்தில் தொட்டில் பிள்ளை மாதிரி தூங்கி எழுந்து, "நல்ல சரக்கு" என்று இரண்டை எடுத்துச் சுட்டுத் தின்றார். ஊருக்கு ஊர் மூக்கு வேறு.

அந்தப் பாடம் ஏற்கெனவே எனக்கு ஒருதடவை கற்பிக்கப்பட்டதுதான். இனி அந்த விஷயம்.

குழுவில் பூமயில் என்று ஒருத்தி. முப்பது வயசிருக்கும். பிள்ளை இல்லை. கூப்பிட்டால் ஒழியப் பேச மாட்டாள். வேலையில் கெட்டி. அவள் புருசன் சண்முகவேல், கமுதியில் ஒரு வத்தல் மண்டியில் எடை போடுகிறவர். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. குடிக்க மாட்டார், தெருவில் சத்தம் போட மாட்டார், பொடியனைக்கூட "வாங்க தம்பி" என்றுதான் சொல்வார். ஊரிலுள்ள மாமியார்கள் மருமகன்களுக்கு உதாரணம் காட்டும் ஆள். மங்களேஸ்வரி அம்மாவே அந்த வீட்டில் பலதடவை தண்ணீர் குடித்திருக்கிறார். துலக்கிய சொம்பு வலது கையில் பளபள என்று வரும். அம்மாவின் முறைக்கு அந்த வீட்டில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

ஒருநாள் கிட்டங்கியில் கிள்ளிக்கொண்டிருந்தோம். கத்தரி வெயில், எல்லார் முதுகும் நனைந்திருந்தது. பூமயிலுக்குப் பின்னால் நின்று ஒருத்தி மூட்டையைக் கவிழ்த்தாள். தூசி பூமயில் முதுகில் இறங்கியது. அவ்வளவுதான், வாயே திறக்காத பெண், ஒரு சத்தம் போட்டுக்கொண்டு துள்ளி எழுந்தாள். மிளகாய்த் தூசி நல்ல தோலில் பட்டால் அரிக்கும். அப்படித் துள்ள வைக்காது. ராக்கு அவளைக் கதவுக்குப் பின்னால் கூட்டிப்போய் முதுகைத் துடைத்துவிட்டு வந்தாள். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்கிறவள் சிரிக்கவில்லை.

"சாக்குக் கட்டுற கயிறு டீச்சரம்மா. ரவிக்கைக்கு உள்ள மட்டும். பாத்துப் பாத்து அடிச்சிருக்கான்."

அன்றைக்குச் சாயங்காலமே மூட்டை சண்முகவேல் வீட்டுக்குப் போனது. ஒன்றல்ல, இருந்த அத்தனையும். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, வெறியோடு கவிழ்த்தோம். அந்த வீட்டில் அப்படி ஒரு நெடி. எனக்குக் கண் தெரியவில்லை. என் பக்கத்திலிருந்தவள் தும்மினாள், அவளுக்குப் பக்கத்திலிருந்தவள் தும்மினாள், வட்டம் முழுக்கச் சுற்றி வந்தது. சண்முகவேல் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்தார். மூச்சை இழுத்தார். நாங்கள் எல்லாரும் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை.

இருபது வருசமாக வத்தல் மண்டியில் நிற்கிற மூக்கு! எங்களில் ஒருத்திக்கும் இது தோன்றவில்லை. பி.ஏ. படித்த எனக்கும்தான்.

"வாங்க, வாங்க. டீச்சரம்மாவும் வந்திருக்காகளா?" என்றார். மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டு வந்து எங்கள் வட்டத்திலேயே போட்டு உட்கார்ந்தார். ஒரு வத்தலை எடுத்து முகர்ந்து, "சுமார் சரக்குதான். களத்துல சரியாக் காயல" என்றார். பிறகு எங்களோடு சேர்ந்து கிள்ள ஆரம்பித்தார். எங்களைவிட வேகமாகக் கிள்ளினார்! நாங்கள் கண்ணைக் கசக்கிக் கொண்டிருந்தபோது அவர் மடியில் ஒரு குவியல் சேர்ந்துவிட்டது. "பூமயிலு, எல்லாருக்கும் காப்பி போடு" என்றார். காப்பி வந்தது. குடித்தோம். அதைவிடக் கேவலம் என் சர்வீஸில் எனக்கு நடந்ததில்லை.

கிளம்பும்போது வாசல் வரை வந்து வழியனுப்பினார். மெதுவாகச் சொன்னார்: "இன்னொருவாட்டி மூட்டை வந்தா, இவ பேரைக் குழுவுலருந்து எடுத்திருவேன் டீச்சரம்மா. பதினாலு பேருக்கு ரெண்டாம் தவணை உண்டான்னு விசாரிச்சு வச்சுக்கங்க." சிரித்த முகம் மாறவே இல்லை.

மறுநாள் காலை கிட்டங்கியில் யாரும் கிள்ளவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பூமயில் மட்டும் மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"தவணை வர்ற வரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு இருப்போமே. வந்த பெறகு பாத்துக்கிருவோம்" என்றாள் ஒருத்தி.

"வந்த பெறகு என்னத்தப் பாப்பே? இவ முதுகையா?" என்றாள் ராக்கு.

"உனக்கென்ன மதினி, உன் புருசனுக்கு மூக்கு இருக்கு. என் பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கு எங்க போக?"

அவள் சொன்னதும் பொய்யில்லை. அந்த வருசம் கண்மாயில் ஆடு மேய்ந்தது. இரண்டாம் தவணை இல்லாவிட்டால் பாதிப் பேர் குடும்பத்தோடு திருப்பூர்ப் பக்கம் பஸ் ஏற வேண்டியதுதான். நான் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்றேன். தெரு நாடகம் போடலாம் என்றேன். அதில் சண்முகவேல் வேசம் யார் கட்டுவது என்று பேச்சு திரும்பி, ராக்கு நான் கட்டுகிறேன் என்று சொல்லி, நடுவில் கொஞ்ச நேரம் எல்லாரும் அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டோம்.

அப்போது பூமயில் வாய் திறந்தாள். "பணம் வரட்டும்க்கா. நான் தாங்கிக்கிருவேன். இத்தன வருசம் தாங்கலையா?"

கஞ்சிக்கு எங்கே போவது என்று கேட்டாளே, அவள்தான் முதலில் மூக்கைச் சிந்தினாள். "இவ இப்படிச் சொன்னா நான் எப்படித்தான் அந்தக் காசுல உலை வைப்பேன்?" என்று பூமயில்மேலேயே எரிந்து விழுந்தாள்.

ராக்கு கிட்டங்கிச் சுவரில் சாய்ந்துகொண்டு மேலே பார்த்தாள், மூட்டைகளைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். தேக்குக் கதவு, உள்ளே தாழ்ப்பாள்.

"டீச்சரம்மா, ராத்திரிக் காவலுக்கு ஆள் போடணும்னு ஆபீஸ் பெரியம்மா சொன்னாகள்ல? பூமயிலப் போட்டா என்ன?"

"போட்டா?"

"குழு வேலை. குழுவுல இருந்தாத்தான் குழு வேலை பாக்க முடியும். பேரும் இருக்கும், முதுகும் இருக்கும். தொணைக்கு நாங்க மொறை வச்சு ரெண்டு ரெண்டு பேராப் படுத்துக்கிறோம். ஏத்தா பூமயிலு, என்ன சொல்றே?"

பூமயில் அன்றைக்கே வீட்டுக்குப் போய், ஒரு பாயும் மாற்றுச் சேலையும் எடுத்து வந்துவிட்டாள்.

நாலாம் நாள் ஆய்வு. மங்களேஸ்வரி அம்மா வந்து கிட்டங்கியில் உட்கார்ந்ததும் சண்முகவேலும் வந்துவிட்டார், பின்னால் வேடிக்கை பார்க்கப் பாதி ஊர். நாலு நாளில் ஆள் கொஞ்சம் மாறியிருந்தார். வேட்டியில் இஸ்திரி இல்லை. ஆனால் பேச்சு அதே பேச்சு.

"அம்மா, வணக்கம். என் வீட்டுக்காரி பேரை எடுத்திருங்க. குடும்பப் பொம்பளை கிட்டங்கியில படுக்கிறது எனக்கு மரியாதை இல்ல பாருங்க."

"ம். அப்புறம்?"

"நான் ஒரு கொறை வச்சதில்ல. ஊர்ல கேட்டுப் பாருங்க."

"அப்புறம்?"

"அடக்க ஒடுக்கமா இருந்தவ. இந்தக் குழுவுல சேந்துதான்..." நிறுத்தினார்.

"சேந்துதான்?"

"சொன்ன பேச்சு கேக்கல. கேக்கலைன்னா ஒரு மனுசன் என்ன செய்வான்? நானும் தன்மையாத்தான் ஒரு தட்டு..."

சொல்லிவிட்டார். பாதி ஊர் முன்னால் சொல்லிவிட்டார். டீக்கடை ஆட்கள் பக்கமிருந்து முனியாண்டி குரல் கேட்டது: "அட, நம்ம சங்கத்து ஆளுதானாய்யா நீங்களும்! வேட்டியப் பாத்துல்ல ஏமாந்துட்டோம்!" ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்பை சண்முகவேல் அதற்கு முன் கேட்டதே கிடையாது. எல்லாரையும் பார்த்து அவர்தான் சிரித்து வைப்பார். முதல்முறையாக அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. கைகள் எங்கே இருக்க வேண்டும் என்று அவருக்கே தெரியாத மாதிரி, துண்டை எடுத்து இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

அம்மா சிரிக்கவில்லை. "பேரை எடுக்கிறதுன்னா, பேருக்கு உடையவங்கதான் சொல்லணும். வீட்டுக்காரர் சொல்ல விதியில எடமில்ல" என்று சொல்லிவிட்டு, பூமயில் பக்கம் திரும்பினார். "எடுக்கட்டுமா தாயி?"

தாங்கிக்கிருவேன் என்று நாலு நாளைக்கு முன்னால் சொன்னவள். புருசன் எதிரே நிற்கிறார். அவர் வாயசைத்தால் தலையசைத்தே பழகின கழுத்து. பதினாலு பேரும் அவளையே பார்க்கிறார்கள்.

பூமயில், ஏதோ கூச்சப்பட வேண்டிய விஷயத்தைச் சொல்வது மாதிரி, அம்மாவிடம் மட்டும் சொன்னாள்:

"இங்கன நல்லாத் தூக்கம் வருதும்மா."

அம்மா தலையை ஆட்டினார். அந்த ஒருதடவைதான் அவர் "அப்புறம்?" என்று கேட்காமல் விட்டார். தவணை அன்றைக்கே வட்டத்தில் உட்கார்ந்து கைக்குக் கை கொடுக்கப்பட்டது, பதினைந்து பேருக்கும்.

சண்முகவேல் லேசில் விடவில்லை. ஆளை வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தார், மாமனாரை வரவழைத்துப் பார்த்தார். வந்த மாமனார், மகள் முதுகைப் பற்றி ராக்கு சொல்லக் கேட்டுவிட்டு, மருமகன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினார். கடைசியில் சண்முகவேலே தினமும் மண்டி முடிந்ததும் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிட்டங்கிக்கு வர ஆரம்பித்தார். பெண்டாட்டியைப் பார்க்க வேறு வழியில்லை. வந்தவரைப் பெண்கள் விரட்டவில்லை. "வாங்கண்ணே, சும்மா உக்காந்திருக்காம கிள்ளுங்க" என்று ஒரு குவியலைத் தள்ளிவிடுவார்கள். அவரும் கிள்ளுவார். கிள்ளிக்கொண்டே தன்மையாகப் பேசுவார். பேசப் பேச ராக்கு இன்னொரு குவியலைத் தள்ளுவாள். மண்டிக்காரர் கை, சோடை ஒன்று தப்பாது. அந்தப் பருவத்தில் எங்கள் சரக்குக்கு நல்ல பெயர் கிடைத்ததில் அவருக்கும் பங்குண்டு. கூலி கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை.

பருவம் முடிந்தது. கடைசி மூட்டை. கிட்டங்கிக்குள் அந்த நேரத்து வெயில் சாய்வாக விழுந்து, தூசியெல்லாம் சிவப்பாக மிதந்தது. சண்முகவேல் கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பூமயிலு, சரக்குத்தான் முடிஞ்சு போச்சே. இனி காவல் எதுக்கு? போவமா?"

நாங்கள் எல்லாரும் எதையோ பொறுக்குவது மாதிரி தரையைப் பார்த்தோம். பூமயில் கோணி ஊசியால் மூட்டை வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நீங்க போங்க. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க, ஆடு உள்ள வந்திரும்."

அவர் நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். கதவைச் சாத்திவிட்டுத்தான் போனார்.